மரமும் கல்லும் தெய்வமாகும் முறை

திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடங்களில் வேலை நடக்கும் கல்லின் மேல் சிற்பி காலை ஊன்றி உட்கார்ந்துதான் கொத்துகிறார். அதே கல் கோயிலுக்குப் போய்க் குடமுழுக்கு ஆன பிறகு அதைத் தொட அவருக்கு உரிமை இல்லை. மற்றவர்களோடு எட்ட நின்று கும்பிடுகிறார். கல்லின் எடை கூடவில்லை, நிறம் மாறவில்லை. ஆனாலும் காலடியில் கிடந்தது கைகூப்ப வேண்டியதாகிவிட்டது. நடுவில் நடந்தது என்ன என்பது சமயத்தின் பழைய கேள்விகளுள் ஒன்று. மரத்தில் செதுக்கிய தெய்வத்துக்கும் கல்லில் வடித்த தெய்வத்துக்கும் அது பொது. தெய்வத்தன்மை இருப்பது பொருளிலா, வடிவத்திலா, மந்திரத்திலா, கும்பிடுகிறவர் நெஞ்சிலா? தமிழ் மரபின் விடை ஒரே நூலில் இல்லை. சிற்ப நூல், ஆகமம், பழம்பாட்டு, ஊர்த் திருவிழா எனப் பல இடங்களில் பிரிந்து கிடக்கிறது. சேர்த்துப் பார்த்தால் ஒரு கருத்து துலங்கும்: தெய்வம் உருவத்தில் குடியிருக்கிறது. குடியிருப்பு என்பதால் வரவு உண்டு, போக்கும் உண்டு, இருக்கும் வரை வைத்துப் பேண வேண்டிய கடமையும் உண்டு.

ஊர்

திருமுருகன்பூண்டி, அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே உள்ள ஊர். தேவாரம் பாடப்பெற்ற கொங்கு நாட்டுத் தலங்கள் ஏழில் இங்குள்ள திருமுருகநாத சுவாமி கோயிலும் ஒன்று. சூரபதுமனைக் கொன்ற பழி நீங்க முருகன் இங்கே சிவனை வழிபட்டதாகத் தல வரலாறு சொல்லும். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொருளோடு வந்த சுந்தரரை வேடர் உருவில் வந்த சிவகணங்கள் இங்கே வழிமறித்துக் கொள்ளையடித்ததாகவும், அவர் பாடிய பின் பொருள் திரும்பக் கிடைத்ததாகவும் இன்னொரு கதை உண்டு. அந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது.

ஊரின் மற்றோர் அடையாளம் சாலையோரச் சிற்பக்கூடங்கள். பனியன் மூட்டை ஏற்றிய லாரிகள் போகும் சாலையை ஒட்டியே கருங்கல்லில் பிள்ளையாரும் அம்மனும் நவக்கிரகங்களும் காவல் தெய்வங்களும் உருவாகின்றன. பாதி முடிந்த சிலைகள் வெயிலிலும் தூசியிலும் சாய்ந்தும் படுத்தும் கிடக்கும். சில உருவங்களில் கைகால் தெளிந்திருக்கும், முகம் வெறும் பாளமாக இருக்கும். அவற்றுக்கு யாரும் விளக்கேற்றுவதில்லை, பூ வைப்பதில்லை. அப்படிச் செய்யாதிருப்பதை யாரும் குற்றமாக நினைப்பதும் இல்லை.

மரம் முந்தியது

தமிழில் தச்சர் என்ற சொல் மரவேலைக்காரருக்கும் கல்வேலைக்காரருக்கும் பொது. கல்லில் செய்பவரைக் கல்தச்சர் என்பது வழக்கம். சொல் சுட்டுவது போலவே, தெய்வ உருவத்திலும் கோயிலிலும் கல்லுக்கு முன்னால் மரம் இருந்தது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் குடைவித்த குகைக்கோயிலின் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து எதுவும் இல்லாமல் பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் எடுத்த கோயில் என்று அதைச் சிறப்பித்துக் கூறுகிறது. அதுவரை கோயிலுக்கு உரிய பொருள்கள் எவை என்பதை அந்தப் பெருமிதமே காட்டிவிடுகிறது. மாமல்லபுரத்து ஒற்றைக்கல் ரதங்களில் மர விட்டத்தின் முனைகளும் கூரை வீட்டின் சாயலும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கின்றன. கல்தச்சர் மரத்தச்சரிடம் கற்ற பாடம் அது.

சங்க இலக்கியத்தில் தெய்வம் உறையும் இடமாகக் கந்து என்னும் தூண் வருகிறது. ஊர்ப் பொதுவிடமான பொதியிலில் கந்து நடப்பட்டிருக்கும். மாலையில் பெண்கள் அங்கே விளக்கேற்றியதைப் பட்டினப்பாலை கூறும். கந்தில் முகமோ கைகாலோ இருந்ததாகச் செய்தி இல்லை. தெய்வம் தங்க உருவம் கட்டாயம் இல்லை என்ற எண்ணம் தமிழகத்தில் மிகப் பழையது. பிற்காலத்து மணிமேகலையில் அதே கந்து உருவம் பெற்று வருகிறது. தூணில் உறையும் கந்திற்பாவை என்னும் தெய்வம், தன் சாயலில் மயன் அமைத்த பாவை அது என்றும் தான் அதைவிட்டு நீங்குவதில்லை என்றும் சொல்லி, மணிமேகலையிடம் வருவதை உரைக்கிறது. தெய்வம் வேறு, பாவை வேறு. ஆனாலும் ஒன்றை ஒன்று பிரிவதில்லை. பின்னாளில் மெய்யியலார் பக்கம் பக்கமாக எழுதியதன் சாரம் இந்தப் பேச்சில் இருக்கிறது.

கல்லுக்கும் தனி மரபு உண்டு. போரில் பட்ட வீரனுக்கு நடுகல் எடுப்பதைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிகளாகப் பிரிக்கிறது. கல்லைத் தேடிக் காண்பது முதல் படி. அதை எடுக்கத் தொடங்குவதும் நீராட்டுவதும் அடுத்தவை. அதன் பிறகே நட்டுப் படையலிட்டு வாழ்த்துவார்கள். கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்துக் கங்கையில் நீராட்டியதைச் சிலப்பதிகாரத்தின் வஞ்சிக்காண்டம் இதே வரிசையில், இப்பெயர்களுள் பலவற்றைக் காதைத் தலைப்புகளாக வைத்துச் சொல்லிப் போகிறது. வெறும் கல் தெய்வக் கல் ஆவது நொடிப்பொழுதில் நிகழ்வதன்று, படிப்படியாக நடப்பது. அந்தப் படிகளில் செதுக்குதல் தனியே எண்ணப்படவும் இல்லை.

பொருளைத் தேர்தல்

ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதை, தெய்வ உருவத்துக்கு மரம் எடுக்கக் காட்டுக்குப் போவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறது. வேண்டிய மரத்துக்கு முந்தின இரவே பூசை செய்து, அதில் குடியிருக்கும் உயிர்களையும் பூதங்களையும் வேறிடம் போகுமாறு வேண்டிக்கொள்ள வேண்டும். மறுநாள் காலையில்தான் வெட்ட வேண்டும். மரம் விழும் திசை, வெட்டுவாயில் வடிவது என்ன என்பதெல்லாம் நிமித்தமாகப் பார்க்கப்படும். மரம் எந்தத் திசையைப் பார்த்து, எது மேலாக எது கீழாக நின்றதோ, உருவமும் அப்படியே நிற்க வேண்டும். அதற்காக வெட்டும் முன்பே மரத்தில் அடையாளம் இட வேண்டும். செதுக்கப்பட்ட தெய்வம் மரமாக நின்ற நிலையை மறக்கக் கூடாது என்பது போன்ற விதி இது. இதில் கவனிக்க வேண்டியது, மரம் ஆளில்லாத பொருளாகக் கருதப்படவில்லை என்பது. அதில் யாரோ குடியிருக்கிறார்கள். அவர்களை மரியாதையோடு அனுப்பிவிட்டுத்தான் இன்னொருவரை வரவழைக்க முடியும்.

கல்லைத் தேர்வதிலும் இதற்கு ஈடான முறை உண்டு. உளியால் தட்டும்போது எழும் ஓசையை வைத்துச் சிற்பிகள் கல்லை ஆண், பெண், அலி என மூன்றாகப் பிரிப்பார்கள். வெண்கல மணி போலக் கணீரென்று ஒலிப்பது ஆண் கல். ஆண் தெய்வங்களுக்கு உரியது. சற்றுத் தணிந்த இனிய ஓசை தருவது பெண் கல். அம்மன் உருவத்துக்கும் பீடத்துக்கும் ஆகும். ஓசையே இல்லாதது அலிக் கல்; அடித்தளத்துக்கும் தளவரிசைக்கும் போகும். கல்லுக்குள் விரிசலோ வேறு கனிமப் படலமோ இருந்தால் ஓசை மழுங்கும் என்பதால் இந்தச் சோதனைக்குத் தொழில் காரணமும் உண்டு. உள்ளே பழுதிருப்பதைக் கண் காட்டாது, காது காட்டிவிடும். நம்பிக்கையும் கைத்தொழில் அறிவும் இங்கே ஒரே தட்டலில் சேர்ந்திருக்கின்றன.

அளவும் வடிவமும்

தெய்வ உருவம் சிற்பியின் கற்பனைக்கு விட்டுவிடப்பட்டதன்று. தாலம் என்ற அளவு முறை அதைக் கட்டுப்படுத்துகிறது. முகத்தின் நீளத்தை ஒரு தாலமாகக் கொண்டு மொத்த உயரத்தைப் பகுப்பார்கள். சிவன், திருமால் போன்ற பெருந்தெய்வங்களுக்கு 124 அங்குலம் கொண்ட உத்தம தசதாலம், தேவியருக்கு 120 அங்குலம் கொண்ட மத்திம தசதாலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாலம். இந்த அங்குலம் அளவுகோலின் அங்குலம் அன்று. அந்தந்தச் சிலையின் உயரத்திலிருந்தே பிரித்தெடுப்பது. அதனால் விரலளவு உருவத்துக்கும் ஆளுயர உருவத்துக்கும் விகிதம் ஒன்றே. எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், என்ன இருக்கை என்பவற்றைத் தியான சுலோகம் சொல்லும்.

கல்லில் நூல் பிடித்துக் காவியால் கோடு போட்டுப் பெருங்கழிவை முதலில் நீக்குவார்கள். இப்போது இதற்கு மின்சாரக் கட்டரும் கிரைண்டரும் வந்துவிட்டன. நகாசு வேலைக்கும் முகத்துக்கும் உளியும் சுத்தியலும்தான் இன்னும் கைகொடுக்கின்றன. மர வேலையின் ஒழுங்கும் இதுவே. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரின் மரச்சிற்பம் 2020இலும், கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இலும் புவிசார் குறியீடு பெற்றன. தேர்ச் சிற்பங்கள், கோயில் வாகனங்கள், வீட்டுப் பூசையறை உருவங்கள் என அங்கெல்லாம் உளி வேறு, பொருள் வேறு. தாலக் கணக்கு மட்டும் ஒன்று.

மரத்தில் செதுக்கிய யானை ஒன்றை உவமையாக வைத்துத் திருமந்திரம் உருவத்தின் புதிரை விளக்குகிறது. யானையாகப் பார்க்கும் கண்ணுக்கு மரம் தெரிவதில்லை. மரமாகப் பார்க்கும் கண்ணுக்கு யானை தெரிவதில்லை. இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன. உலகப் பொருள்களுக்கும் பரம்பொருளுக்கும் உள்ள உறவும் இதுவே என்கிறார் திருமூலர். மரத்தச்சரின் பட்டறையிலிருந்து எடுத்த இந்த உவமை சிலை வழிபாட்டுக்கு நேராகப் பொருந்தும். கல்லைப் பார்ப்பவரும் தெய்வத்தைப் பார்ப்பவரும் பொய் சொல்லவில்லை. பார்வை எங்கே நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு. ஆனால் உவமை ஒரு கேள்வியை மீதம் வைக்கிறது. செதுக்கி முடித்ததும் யானை வந்துவிடுகிறது. செதுக்கி முடித்ததும் தெய்வம் வந்துவிடுகிறதா? வந்துவிடுகிறது என்றால் சிற்பக்கூடத்து வாசலில் நிற்கும் அத்தனை சிலைக்கும் பூசை நடக்க வேண்டும்.

கண் திறத்தல்

வடிவம் முடிந்த சிலைக்கும் தெய்வத்துக்கும் நடுவிலுள்ள முதல் வாசல் கண். உடல் முழுவதும் முடிந்தாலும் கண்ணின் கருவிழிக் கோட்டைச் சிற்பி கடைசி வரை இடுவதில்லை. பிரதிட்டைக்கு முன் நல்ல நேரம் பார்த்துத் திரைக்குள் தங்க உளியாலோ ஊசியாலோ அது இடப்படும். ஸ்தபதி கண் திறந்து, மரியாதை பெற்று வெளியேறிய பின், ஆசாரியர் மந்திரத்தோடு அதே செயலை மறுபடி செய்வது ஆகம முறை. கண் திறந்ததும் சிலையின் முன் கன்றோடு கூடிய பசு, தானியக் குவியல், கண்ணாடி, கன்னிப்பெண்கள் என மங்கலமானவற்றைக் காட்டுவார்கள். முதல் பார்வை வெறுமையில் விழக் கூடாது என்பது கருத்து. அதுவரை சிலையை மனிதர் பார்த்தார்கள். இனி சிலையும் மனிதரைப் பார்க்கிறது. தரிசனம் என்பது இருவழிப் பார்வை என்பதால்தான் இந்தச் சடங்குக்கு இத்தனை கவனம்.

இது தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. இலங்கையில் புத்தர் சிலைக்குக் கண் தீட்டும் கலைஞர் சிலையை நேராகப் பாராமல், கண்ணாடியில் தெரியும் உருவத்தைப் பார்த்துத் தீட்டும் வழக்கத்தை ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியான இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். விழிக்கும் கண்ணின் முதல் பார்வை ஆளைத் தாக்கிவிடும் என்ற அச்சம் அதற்குக் காரணம். ஜப்பானின் நாரா நகரில் தொதாய்ஜி கோயிலின் பெரும் புத்தருக்கு 752இல் கண் திறந்தவர் இந்தியாவிலிருந்து போன போதிசேனர் என்னும் துறவி. அவர் பிடித்த தூரிகையில் கட்டிய நூல்களைக் கூடியிருந்தோர் கையில் பிடித்திருந்தார்கள்.

வரவழைத்தல்

கண் திறந்தும் தெய்வம் முழுமையாகக் குடியேறிவிடவில்லை. சிலையை நீரில் வைக்கும் ஜலாதிவாசம், தானியத்தில் வைக்கும் தான்யாதிவாசம், படுக்கையில் கிடத்தும் சயனாதிவாசம் ஆகியவை நடக்கும். உளி பட்டதால் வந்த குற்றங்கள் நீங்கவும் தனிச் சடங்கு உண்டு. யாகசாலையில் நீர் நிறைந்த கும்பத்தில் தெய்வம் ஆவாகனம் செய்யப்படும். யாகசாலைக்கும் சிலைக்கும் நூலோ தர்ப்பைக் கயிறோ கட்டி உயிர்நாடி போல இணைப்பார்கள். கடைசியில் கும்பநீர் சிலை மேலும் விமானக் கலசத்தின் மேலும் ஊற்றப்படும். குடமுழுக்கு என்ற பெயரே இதிலிருந்து வந்தது.

சிலையைப் பீடத்தோடு பிடிக்க வைப்பது அட்டபந்தனம். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் சாந்தாக்குவார்கள். இந்தச் சாந்து காலம் ஆக ஆக இளகும், தேயும், எறும்பு அரிக்கும். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து மீண்டும் குடமுழுக்கு நடத்துவது வழக்கம். கல் ஆயிரம் ஆண்டு நிற்கலாம். தெய்வத்துக்கும் அதற்கும் உள்ள பிணைப்பை மனிதர்கள் திரும்பத் திரும்பப் புதுப்பித்தாக வேண்டும்.

இதன் மிகச் சிறிய வடிவம் ஒவ்வொரு வீட்டிலும் நடக்கிறது. எந்த நல்ல காரியத்துக்கும் முன் மஞ்சளைப் பிடித்து வைத்து அருகம்புல் செருகிப் பிள்ளையார் ஆக்குவார்கள். சிற்பி இல்லை, தாலம் இல்லை, கண் இல்லை. அழைத்ததும் வருகிறார். காரியம் முடிந்ததும் பாத்திரத்தைச் சற்று வடக்கே நகர்த்தி அவருக்கு விடை கொடுக்கிறார்கள். பிறகு அது மஞ்சள்; நீரில் கரைத்துவிடலாம். கருங்கல் மூலவருக்கும் மஞ்சள் பிள்ளையாருக்கும் கோட்பாட்டளவில் வேறுபாடு இல்லை. தங்கும் காலத்தில்தான் வேறுபாடு.

விடைபெறுதல்

வரவைச் சொன்ன மரபு போக்கையும் வெளிப்படையாகச் சொல்கிறது. கோயிலில் திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்வார்கள். மூலவரிடமிருந்து தெய்வ ஆற்றலைக் கும்பத்துக்கும், அதிலிருந்து அத்தி மரப் பலகையில் எழுதிய உருவத்துக்கும் மாற்றி, அந்தப் பலகைக்குப் பூசை நடக்கும். திருப்பணி முடியும் வரை கருவறைக்குள் கொத்தரும் தச்சரும் வேலை செய்யலாம். கல் பழுது பார்க்கப்படும் நாள் வரை தெய்வத்துக்கு வாடகை வீடு மரம்.

கொங்கு நாட்டு மாரியம்மன் திருவிழாக்களில் இது இன்னும் தெளிவு. விழாத் தொடக்கத்தில் மூன்று கிளையாகப் பிரிந்த மரத்தை வெட்டிவந்து, பட்டை சீவி, மஞ்சள் பூசிக் கோயில் முன் நடுவார்கள். அதற்குக் கம்பம் என்று பெயர். அது அம்மனின் கணவர். பெண்கள் நாள்தோறும் நீர் ஊற்றுவார்கள். இரவில் கம்பத்தின் மேல் நெருப்புச் சட்டியான பூவோடு வைக்கப்படும். சுற்றி ஆட்டம் நடக்கும். விழா முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிடுவார்கள். கரூரில் கம்பம் அமராவதி ஆற்றுக்குப் போகும் நாளில் ஊரே திரளும். உளி படாத ஒரு மரத்துண்டு சில நாள் தெய்வமாக இருந்து விடைபெறுகிறது. சங்க காலக் கந்தின் நேர் வாரிசாகக் கம்பத்தைக் கொள்ள இடமுண்டு.

கந்தைத் தெய்வம் கைவிட்ட காட்சி புறநானூற்றின் 52ஆம் பாட்டில் இருக்கிறது. பாண்டியன் மாறன் வழுதியின் பகைவர் நாட்டுப் பாழை மருதன் இளநாகனார் பாடுகிறார். பலி நின்றுபோன பொதியிலில் தெய்வம் கந்தை விட்டு நீங்கிவிட்டது. முதியவர்கள் சூதாடிக் குழிந்த இடத்தில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது. தெய்வம் போனதால் ஊர் அழிந்தது என்று புலவர் சொல்லவில்லை. ஊர் அழிந்து பலி நின்றதால் தெய்வம் போயிற்று. வைத்துப் பேணுவோர் இல்லாத இடத்தில் தெய்வம் தங்காது என்ற இந்த எண்ணத்துக்குப் பிறகுதான் ஆகம விதிகள் எல்லாம் வருகின்றன.

மரத் தெய்வம் உளுத்துப்போகும். அதைப் பலவீனமாகக் கொள்ளாமல் வழிபாட்டின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டது புரி ஜகந்நாதர் கோயில். சந்திரக் கணக்கில் இரண்டு ஆஷாட மாதம் வரும் ஆண்டில் வேப்ப மரத்தில் புதிய உருவங்கள் செய்து, பழைய உருவத்தின் உள்ளிருக்கும் பிரம்ம பதார்த்தத்தைக் கண்ணைக் கட்டி, கையில் துணி சுற்றிய பூசகர் நள்ளிரவில் மாற்றுவார். பழைய உருவங்களைப் புதைத்துவிட்டுத் தைத்தாபதிகள் என்னும் பணியாளர்கள் உறவினர் இறந்தது போலத் துக்கம் காப்பார்கள். 1996க்குப் பின் இது 2015இல் நடந்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வேறு வழி. அத்தி மரத்து வரதர் அனந்தசரஸ் குளத்து நீரடியில் பள்ளிகொண்டிருக்க, கருவறையில் கல் உருவம் நிற்கிறது. 40 ஆண்டுக்கு ஒருமுறை மரவுருவை வெளியே எடுப்பார்கள். 1979க்குப் பின் 2019இல் ஜூலை 1 முதல் 48 நாள் காட்சி தந்தார். புரியில் மரம் மாறுகிறது, தெய்வம் தொடர்கிறது. காஞ்சியில் மரமும் இருக்கிறது, அதன் இடத்துக்குக் கல்லும் வந்திருக்கிறது.

மறுப்பும் விடையும்

இத்தனையும் மனிதர் செய்ததுதானே என்ற மறுப்பு புதியதன்று. எபிரேய வேதத்தில் ஏசாயா நூலின் 44ஆம் அதிகாரம், ஒரே மரத்தின் ஒரு பாதியை எரித்துச் சோறாக்கிக் குளிர்காய்ந்துவிட்டு மறு பாதியைத் தெய்வமாகச் செதுக்கிக் கும்பிடும் தச்சரை ஏளனம் செய்கிறது. தமிழில் சிவவாக்கியர், உள்ளே இறைவன் இருக்கும்போது நட்ட கல்லைச் சுற்றி மந்திரம் சொல்லி என்ன பயன் என்று கேட்டார். அவர் மறுத்தது இறைவனை அன்று. இறைவன் வெளியே ஒரு பொருளில் மட்டும் இருக்கிறான் என்பதை.

சைவ சித்தாந்தம் இதற்கு நேரான விடை தருகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டாம் நூற்பாவில், ஞானம் பெற்றவரும் அடியார் வேடத்தையும் ஆலயத்தையும் அரனாகவே கண்டு தொழ வேண்டும் என்கிறது. இறைவன் எங்கும் நிறைந்திருப்பினும் எங்கும் விளங்கித் தோன்றுவதில்லை. பால் முழுவதும் நெய் இருந்தாலும் கடையாமல் வெளிப்படாது. விறகுக்குள் தீ இருந்தாலும் கடைகோலை நட்டுத் தேய்த்தால்தான் பற்றும். சிலையில் செய்யும் சடங்குகள் இல்லாததைக் கொண்டுவந்து வைக்கும் வேலை அல்ல, மறைந்திருப்பதை விளங்கச் செய்யும் வேலை என்பது இதன் பொருள். வைணவம் வேறு பக்கமிருந்து வருகிறது. பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என்ற இறைவனின் ஐந்து நிலைகளில் அர்ச்சை என்னும் சிலையுருவே எளிமையின் உச்சம். யாராலும் கட்டுப்படுத்த முடியாதவன் தன்னைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் உறங்க வைக்கவும் அடியவர் கையில் ஒப்படைத்துக்கொள்கிறான். சைவ விடை வெளிப்பாட்டைச் சொல்கிறது, வைணவ விடை இசைவைச் சொல்கிறது. சிலை தன் பொருளின் வலிமையால் தெய்வம் ஆவதில்லை என்பதில் இரண்டும் ஒன்று.

இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. 1925இல் லண்டன் பிரிவி கவுன்சில் இந்துக் குடும்பம் ஒன்றின் வழிபாட்டு மூர்த்தியைச் சட்டத்தின் முன் ஒரு நபராக ஏற்று, அதன் இருப்பிடம் பற்றிய வழக்கில் அதன் விருப்பமும் எண்ணப்பட வேண்டும் என்றது. 1976இல் பத்தூரில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்துக் கடத்தப்பட்ட நடராசர் செப்புத் திருமேனியை மீட்கும் வழக்கில், இடிந்து கிடந்த கோயிலின் உரிமையை ஆங்கில நீதிமன்றம் ஏற்றதால் 1991இல் அது நாடு திரும்பியது. எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த வழக்கு பெரியாருடையது. ஈரோட்டுக்காரரான அவர் 1953 மே 27 அன்று திருச்சியில் மண் பிள்ளையாரைப் பொது இடத்தில் உடைத்தார். அதற்காக அவர் மீது தொடுத்த வழக்கில், பிரதிட்டை செய்யப்படாத வெறும் மண்ணுருவம் புனிதப் பொருள் ஆகாது என்று கீழ் நீதிமன்றங்கள் கருதின. 1958இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. எவ்வளவு அற்பமான பொருளாயினும் ஒரு சாரார் அதைப் புனிதமாகக் கொண்டால் சட்டம் அதைக் காக்கும் என்றது. காலம் கடந்துவிட்டதால் மேல்நடவடிக்கைக்கு உத்தரவிடவில்லை. சட்டம் சிலையின் உள்ளே எதையும் தேடவில்லை; சுற்றியுள்ள மக்களின் மதிப்பைப் பார்த்தது.

செய்தவர் இடம்

பண்டைய மெசொப்பொத்தேமியாவில் தெய்வச் சிலைக்கு வாய் கழுவும் சடங்கு நடக்கும்போது, அதைச் செய்த கைவினைஞர்களின் கைகளைக் கட்டி, மர வாளால் வெட்டுவது போலப் பாவனை செய்வார்கள். இதை நான் செய்யவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்ய வேண்டும். செய்தவர் கையை மறுத்தால்தான் செய்யப்பட்டது தெய்வமாகும் என்ற தருக்கம் அது. தமிழகத்தில் கையை மறுப்பதில்லை. ஸ்தபதிக்கு வேட்டியும் தாம்பூலமும் தந்து மரியாதை செய்தே வெளியே அனுப்புகிறார்கள். சிலையில் அவர் பெயர் இராது. திருப்பூரில் தைத்த பனியனிலும் தைத்தவர் பெயர் இராது, வாங்கியவர் முத்திரைதான் இருக்கும். ஆனால் பனியனைத் தைத்தவர் அதைத் தொடலாம்.

பிரதிட்டைக்குப் பின் தொடும் உரிமை யாருக்கு என்பது தமிழகத்தில் சமூக நீதிக் கேள்வியாகவும் வளர்ந்தது. பரம்பரை அர்ச்சகர் முறையை நீக்கிய 1970ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும், அதை ஏற்றுக்கொண்டே ஆகம விதிகளைச் சுட்டிய 1972ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இந்தத் தொடுகையைச் சுற்றியே அமைந்தன. அனைத்துச் சாதி அர்ச்சகர் பயிற்சி பெற்றவர்களுக்கு 2021 ஆகஸ்டில் பணி ஆணை வழங்கப்பட்டது. தெய்வம் உருவத்தில் குடியிருக்கிறது என்றால், அந்த வீட்டுக்குள் நுழைய யாருக்கு உரிமை என்ற கேள்வியும் கூடவே வரும். மெய்யியல் அதற்கு விடை சொல்லாது. சமூகம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் எழுந்த கேள்விக்கு மரபு தரும் விடையை இப்படித் தொகுக்கலாம். மரத்திலும் கல்லிலும் தெய்வத்தன்மை தானாக விளங்கி நிற்பதில்லை. வடிவம் அதைத் தானே உண்டாக்குவதும் இல்லை. மந்திரம் ஒருமுறை சொன்னதால் என்றைக்கும் நிலைப்பதும் இல்லை. இடம் அமைத்து, கண் கொடுத்து, அழைத்து, நாள்தோறும் பூசை வைத்து, 12 ஆண்டுக்கு ஒருமுறை பிணைப்பைப் புதுப்பிக்கும் தொடர்ச்சியே சிலையைத் தெய்வமாக வைத்திருக்கிறது. அழைப்பு வரும் வரை திருமுருகன்பூண்டிச் சாலையோரத்தில் படுத்திருக்கும் பிள்ளையார் கல்தான். அதன் மேல் காலை ஊன்றுவதில் பிழை இல்லை. கண் திறக்கும் நாளில் கால் எடுக்கப்படும்.